ஐயா சபையில் இல்லாத அந்தப் புதன்கிழமை

என் எழுத்தைப் படிக்கப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வரிகள் கோடு போட்ட தாளிலேயே கீழே சரிகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கம் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகும் இலவசப் பத்திரிகைக்காக இதை எழுதுகிறேன். அங்கே டைப் அடிக்கும் பெண், “எப்படி வேணா எழுதிக் குடுங்க அங்கிள், நான் சரி பண்ணிக்கிறேன்” என்றார். எழுத்தை அவர் சரிசெய்துவிடுவார். விஷயத்துக்கு நான்தான் பொறுப்பு.

என் பெயர் தாஸ். வயது ஐம்பத்தெட்டு. அம்பத்தூர் பக்கத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் பதினான்கு வருடம் அட்டெண்டராக இருந்தேன். சர்க்கரை நோய் காலில் புண்ணாக இறங்கியதால் வேலையை விட்டுவிட்டேன். இப்போது மேனாம்பேட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மகள் வீட்டில் இருக்கிறேன். குடியிருப்பில் பாதிப்பேர் வெளியூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். நல்ல பிள்ளைகள். லிப்டில் பார்த்தால் காலுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள்.

போன மாதம் கீழே குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, எப்படியோ எம்.எல்.ஏ.க்கள் சம்பளத்துக்குப் போய்விட்டது. சங்கச் செயலாளர் கார்த்திக் திண்டுக்கல்காரர், முப்பது வயது இருக்கும், சிரிக்க வைத்துப் பேசுவார்.

“எங்க கம்பெனில ரெண்டு நாள் சொல்லாம லீவு போட்டா, மூணாவது நாள் கேட்டுல கார்டு தேய்ச்சா கதவு திறக்காது. இவங்களுக்கு மட்டும் வந்தாலும் சம்பளம், வராட்டியும் சம்பளம், தோத்தா பென்ஷன். அடுத்த ஜென்மத்துல நான் எம்.எல்.ஏ.வாதான் பொறக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் தன் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். பழைய வீடியோ. சட்டசபையில் ஒரு உறுப்பினர் பெயரைப் பேசக் கூப்பிடுகிறார்கள். இரண்டு முறை கூப்பிடுகிறார்கள். இருக்கை காலியாக இருக்கிறது. அந்தக் காலி இருக்கையின் மேல், “சம்பளம் மட்டும் வேண்டுமா?” என்று சிவப்பு எழுத்தில் யாரோ போட்டிருந்தார்கள். கூப்பிட்ட பெயர் எங்கள் ஐயாவின் பெயர்.

“அங்கிள், நீங்க இவர் ஆபீஸ்லதானே இருந்தீங்க? அன்னிக்கு எங்கதான் போனாரு மனுஷன்?”

“தெரியலப்பா” என்றேன்.

எனக்குத் தெரியும். அன்று காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை நான் அவர் கூடவே இருந்தேன். அவர் சபைக்குப் போகாததற்குக் காரணமே நான்தான். கூட்டத்தில் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் மண்ணூர்பேட்டைக்காரன். அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் மிஷினுக்கு எண்ணெய் துடைக்கிற வேலை. அந்த ஷாப் மூடிய பிறகு ஒரு வருடம் சும்மா இருந்தேன். ஐயா அந்த ஷாப்பில் எங்கள் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். தேர்தலில் நின்று ஜெயித்த பிறகு ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஊட்ல சும்மா குந்திகினு இன்னா பண்ற? வா, ஆபீஸ் தொறக்க ஆள் வேணும்” என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த இன்டர்வியூ.

என் சம்பளம் ஐயாவின் சம்பளத்திலிருந்துதான் வந்தது. எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளம் தகுமா தகாதா என்று சொல்ல என்னை நடுநிலையான ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டவன்.

காலை ஏழு மணிக்குக் கதவைத் திறப்பேன். பெருக்கி, குடிநீர் கேன் மாற்றி, பெஞ்சுகளைச் சுவரோரம் போடுவேன். வருகிறவர்களை வந்த வரிசையில் உட்கார வைப்பது என் வேலை. சத்தம் போட்டு வரிசையைக் காப்பாற்ற எனக்குத் தெரியாது. அதனால் பெஞ்சில் சாக்பீஸால் எண் எழுதி வைத்தேன். ஒன்றாம் எண்ணில் இருப்பவர் உள்ளே போனதும் எல்லோரும் ஒரு எண் நகர வேண்டும். சண்டை குறைந்தது. ஐயா பார்த்துவிட்டு, “இஸ்கூல் மாதிரி கீது” என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐயா எட்டு மணிக்கு வருவார். சுற்றுகிற நாற்காலி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மர நாற்காலியில்தான் உட்காருவார். மனுவை உடனே கையில் வாங்க மாட்டார். “பேப்பர் அப்புறம். வாயால சொல்லு” என்பார். அவர்கள் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று சிலர் நினைத்து நிறுத்திவிடுவார்கள். “நிறுத்தாத, காது தொறந்துதான் கீது” என்பார். கடைசியில்தான் பேப்பரை வாங்குவார்.

வாங்கிய மனுவில் அவர் எதுவும் எழுத மாட்டார். மூலையை மடிப்பார். பிரஸ் ஷாப்பில் வேலைச் சீட்டுகளை அப்படித்தான் பிரித்து வைப்போம். எந்த மூலை மடிந்திருக்கிறது என்று பார்த்தாலே அவசர வேலையா, கழித்துவிட்ட வேலையா என்று தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தையே ஐயா இங்கும் கொண்டுவந்துவிட்டார். மேலே வலது மூலை மடிந்திருந்தால், இன்றைக்கே போனில் பேச வேண்டியது. கீழ் மூலை என்றால், கடிதம் வைத்துத் தபாலில் அனுப்ப வேண்டியது. மேலே இடது மூலை என்றால், செய்ய முடியாது, அதை அவரிடமே சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த மனுக்கள் அலமாரியின் அடித்தட்டுக்குப் போகும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழையும் வேகமாகப் படிக்க வராது. மடிப்பைப் பார்த்தே பிரித்துவிடுவேன். ஐயாவுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஐயாவை மகான் என்று சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் கெட்ட வார்த்தை வரும். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும், அப்போது யார் வந்தாலும் எழுப்பக்கூடாது. இத்தனை வருடத்தில் அவரால் முடியாத வேலைகளின் பட்டியல் முடிந்தவற்றைவிட நீளம். சம்பளம் வந்த வாரத்திலேயே கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று பத்திரிகைகள் வந்து குவியும். எம்.எல்.ஏ. வந்தால் மொய் வைக்காமல் போக முடியுமா? மொய் வைத்துவிட்டு வந்து, “சம்பளத்த ஜனங்க குடுத்தாங்க, ஜனங்களே வாங்கிகினாங்க, நடுவுல நான் ஒரு தபால்காரன்” என்பார்.

இனி ஸ்டெல்லாவின் விஷயம்.

ஸ்டெல்லா மேரி எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை செய்தவர். கணவர் அரசுத் துறை ஒன்றில் டிரைவர். பணியில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அப்படி இறந்தவரின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. ஆனால் இறந்த மூன்று வருடத்துக்குள் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். விண்ணப்பத்துடன் வாரிசுச் சான்று வைக்க வேண்டும். அந்தச் சான்றுதான் கிடைக்கவில்லை. கணவரின் அம்மா பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அதற்காகத்தான் ஐயாவிடம் மனு கொண்டுவந்தார்.

வந்த அன்று கழுத்தில் கம்பெனி அட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்ப் பேச ஆரம்பித்தார். பாதியில் ஐயாவுக்கு ஒரு போன். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சுவர் இடிந்து ஆள் உள்ளே மாட்டிக்கொண்டதாகச் செய்தி. ஐயா எழுந்துவிட்டார். “பேப்பர வெச்சுட்டுப் போம்மா, நான் பாக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அந்த அம்மா ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து மனுவை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். உறை சின்னது. அதற்குள் நுழைப்பதற்காக மனுவின் ஒரு மூலையை அவரே மடித்திருந்தார். மேலே, இடது மூலை.

சாயங்காலம் மேசையை ஒழுங்கு செய்யும்போது அந்த மடிப்பைப் பார்த்தேன். முடியாது என்று ஐயா சொல்லிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். அடித்தட்டில் வைத்தேன்.

இதோடு போயிருந்தால் கை தவறி நடந்தது என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லா வந்தார். “அண்ணா, என் மனு என்னாச்சு?” ஐயா முடியாது என்று சொன்ன பிறகும் நம்பிக்கையில் திரும்பி வருகிறவர்கள் நிறையப்பேர் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதும் வாய் வராது. அவர்களுக்கென்றே ஒரு வார்த்தை வைத்திருந்தேன்.

“பாக்கலாம்மா. போயிட்டு வாங்க.”

அந்த வார்த்தை அவருக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. மனு எங்கேயோ நகர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மறுபடி வந்தார். மறுபடி அதையே சொன்னேன். ஐயாவிடம் போய், “அந்தம்மா மறுபடி வந்திருக்காங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐயாவை எதற்குத் தொந்தரவு செய்வது என்று கூச்சம். நாலு மாதம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை காலை தினசரி காலண்டரில் கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணா, வர்ற புதன்கிழமையோட மூணு வருஷம் முடியுது. அதுக்கப்புறம் வாங்க மாட்டாங்களாம். எம்.எல்.ஏ. சார்கிட்ட ஒரு நிமிஷம் நானே கேட்டுக்கறேனே.”

டீ குடிக்க வெளியே வந்த ஐயாவின் காதில் விழுந்துவிட்டது.

“இன்னாமா மனு?”

“வாரிசுச் சான்று சார். உங்ககிட்ட குடுத்தேனே. நாலு மாசமாச்சு. நடந்துகிட்டிருக்குன்னு அண்ணன் சொன்னாரு.”

ஐயா என்னைப் பார்த்தார். நான் போய் அடித்தட்டிலிருந்து எடுத்து வந்தேன். அவர் மனுவை வாங்கி மடிப்பை நீவினார். திருப்பிப் பார்த்தார்.

“தாஸு, இத நான் மடிக்கலயே.”

ஸ்டெல்லாவுக்கு எதுவும் புரியவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐயா என்னைத் திட்டவில்லை. அவர் வாயில் வரும் வார்த்தைகள் எனக்குத் தெரியும், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டெல்லாவிடம், “வேல கொஞ்சம் லேட்டாயிடுச்சும்மா. திங்கக்கெழம பத்து மணிக்கு தாலுகா ஆபீஸ்ல நில்லு” என்று மட்டும் சொன்னார்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் புதன்கிழமை சபையில் ஐயா பேச வேண்டிய நாள். எஸ்டேட்டிலிருந்து வரும் பெரிய வடிகால் பாதியில் நிற்பதால் மழைக்காலத்தில் மேனாம்பேட்டுத் தெருக்களுக்குள் சாக்கடைத் தண்ணீர் வருகிறது. அதைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எத்தனையோ நாள் எழுதிக் கொடுத்துக் கிடைத்த நேரம். பத்து நாள் ஒத்திகை பார்த்தார். மாலையில் ஆபீசைச் சாத்திய பிறகு என்னை மர நாற்காலியில் உட்காரவைப்பார்.

“நீதான் சபாநாயகர். நான் ரொம்ப இழுத்தா பெல் அடி.”

“என்கிட்ட ஏதுங்கய்யா பெல்லு?”

“டம்ளர தட்டு.”

நான் டம்ளரைத் தட்டுவேன். ஒரு நாள்கூட நான் தட்டுவதற்கு முன்னால் அவர் முடித்ததில்லை.

திங்கள்கிழமை தாலுகா அலுவலகம். செவ்வாய்க்கிழமையும் அதே இடம். ஐயா அதிகாரி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணவரின் அம்மா ஒரே ஆள்தான் என்பதற்கு வி.ஏ.ஓ.விடம் அறிக்கை வாங்கி, இரண்டு சாட்சிகளை ஆட்டோவில் வரவழைத்து, செவ்வாய் மாலை கையெழுத்து ஆனதும் பேப்பரை ஸ்டெல்லா கையில் கொடுத்தார். புதன்கிழமை காலை அதை நகரத்துக்குள் இருக்கும் துறை அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகல் வாங்க வேண்டும். அங்கிருந்து சட்டசபை இருக்கும் கோட்டைக்கு ஆட்டோவில் இருபது நிமிடம்தான். ஐயா பேச வேண்டியது பன்னிரண்டு மணிக்கு மேல். பத்தரைக்குள் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று கணக்கு.

முத்திரை போடுகிற குமாஸ்தா பேப்பர்களைப் புரட்டிவிட்டு, “சூப்பிரண்டென்ட் பாத்து இனிஷியல் போடணும் சார். அவர் மீட்டிங்ல இருக்காரு” என்றார்.

“எப்ப வருவாரு?”

“சொல்ல முடியாது சார். நாளைக்கு வாங்களேன்.”

“நாளைக்கு வந்தா வாங்குவீங்களா?”

குமாஸ்தா தேதியைப் பார்த்தார். பேப்பர்களைத் திருப்பி நீட்டினார்.

வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருந்தது. ஐயா போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஸ்டெல்லா. நான் நின்றேன். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

“ஐயா, நீங்க சபைக்குப் போங்க. நான் இருந்து வாங்கிக்கிறேன்.”

“நீ இருந்தா வாங்க மாட்டான் தாஸு. அந்தம்மா இருந்தாலும் வாங்க மாட்டான். நான் இங்க குந்திகினு இருந்தாதான் அவனுக்கு உறுத்தும். அதுக்குத்தான் இந்த வெள்ளச் சட்ட.”

பன்னிரண்டு மணிக்கு அவர் போன் அடித்தது. சபையிலிருந்து அவர் கட்சி எம்.எல்.ஏ. ஒருவர். “வந்துகினே கீறேன்பா” என்றார் ஐயா. பதினைந்து நிமிடத்தில் மறுபடி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து பேச்சு எழுதிய தாள்களை எடுத்தார். முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையே விசிறியாக்கி விசிறிக்கொண்டார். வராந்தாவில் மின்விசிறி இல்லை.

சூப்பிரண்டென்ட் நாலரைக்கு வந்தார். பெஞ்சில் எம்.எல்.ஏ. உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறிப்போனார். “சொல்லியிருக்கக் கூடாதா சார், உள்ள வந்து உக்காந்திருக்கலாமே” என்றார். ஐந்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. ஸ்டெல்லா நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். ஐயாவை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க பாக்கலாம்னு சொன்னீங்க, பாத்துட்டீங்க அண்ணா.”

திரும்பி வரும்போது ஐயா ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பாடி மேம்பாலம் தாண்டும்போது, “ரெண்டும் என் வேலதான். ஒண்ண உட்டுட்டேன்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அந்த வீடியோ போனுக்குப் போன் பரவியது. அதற்கடுத்த நாள் பெரிய சாலை நெடுகப் போஸ்டர். அந்த வருட மழையில் மேனாம்பேட்டுத் தெருக்களில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. கட்டில் மேல் கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்தவர்கள் ஐயாவைத் திட்டினார்கள். அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர்களும் ஓட்டுப் போட்டவர்கள்தான். ஒரு பெண்ணுக்காக உட்கார்ந்த நாளில் ஒரு தொகுதி காத்திருந்தது. எது பெரிது என்று கேட்டால் எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியே அவருக்கு வந்திருக்கக் கூடாது. நாலு மாதம் முன்னால் ஒரு போனில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

டீக்கடையில் கட்சியின் வட்டச் செயலாளர் என்னை மடக்கினார். எல்லோரும் அவரை வட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயாவின் இடத்துக்கு வேறு ஆளைக் கொண்டுவர வேலை செய்துகொண்டிருந்தவர்.

“இன்னா அண்ணாத்தே, உன் ஆளு அன்னிக்கு எங்க போய் குந்திகினு இருந்தாரு? மேட்னி ஷோவுக்கா?”

“தெரியாதுங்க.”

“கூடவே சுத்திகினு கீற, தெரியாதா? கவுர்மெண்டு துட்ட வாங்கிகினு அவர் கட் அடிக்கிறாரு, நீ அவருக்குத் தண்ணி பாட்டில் தூக்கிகினு போற. நல்லா கீதுடா ஒங்க உத்தியோகம்!”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கட்சித் தலைமையிலிருந்து விசாரிக்க வந்த ஒருவரும் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். அவரிடமும் தெரியாது என்றேன். உண்மையைச் சொன்னால் நாலு மாதம் மனு எங்கே இருந்தது என்ற கேள்வி வரும்.

ஐயா ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். நான் ஒரு முறை கேட்டேன். “அந்தம்மா ஃபைல் இப்பதான் நகருது. எம்.எல்.ஏ. வந்து குந்தினதால வாங்குனாங்கன்னு பேப்பர்ல வந்தா, எவனாவது அத நோண்டுவான், ஃபைல் நின்னு பூடும்” என்றார். பிறகு, “சம்பளம் வாங்குறேன் இல்ல, கேப்பாங்க. கேக்கட்டும்” என்றார். என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த தேர்தலில் அவருக்குச் சீட் கொடுக்கவில்லை. அந்த வீடியோதான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதற்குள் ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஐயாவுக்குப் பிறகு வந்தவர் வசதியானவர், கல்லூரி நடத்துகிறவர். ஜெயித்த அன்றே மைக்கில், “எனக்குச் சம்பளம் ஒரு ரூபாய்கூட வேண்டாம், அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடுவேன்” என்றார். கைதட்டல் நிற்கவில்லை. சொன்னபடி கொடுத்தார், அதில் பொய் இல்லை. எனக்கும் அவர் கல்லூரிக் கணக்கிலிருந்து ஒழுங்காகச் சம்பளம் வந்தது. ஆனால் அலுவலகத்துக்கு அவர் மாதம் ஒரு முறை வந்தால் அதிசயம். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து பெஞ்சைப் போடுவேன். ஜனங்கள் வந்து சாக்பீஸ் எண்களில் உட்காருவார்கள். ஒன்றாம் எண்ணில் இருப்பவர் மத்தியானம் வரை ஒன்றாம் எண்ணிலேயே இருப்பார். பூந்தமல்லியிலிருந்து இங்கே குடிவந்த ஒரு பெரியவர் ஒரு நாள் பொறுமை இழந்துவிட்டார்.

“எங்கய்யா போனாரு? ஜனங்க வரிப்பணத்துல சம்பளம் வாங்குறாரு இல்ல?”

பக்கத்தில் இருந்தவர் அவரை அடக்கினார். “அவர்தான் சம்பளமே வாங்கறதில்லயே பெரியவரே. எந்த வாயால கேப்பீங்க?”

பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்தச் சம்பள விஷயத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கூலி வாங்குகிறவனிடம் எங்கே போனாய் என்று கேட்க முடிகிறது. வேண்டாம் என்று சொன்னவரிடம் கேட்க முடியவில்லை. எவ்வளவு கொடுக்கலாம், ஏற்றலாமா குறைக்கலாமா என்பதெல்லாம் படித்தவர்கள் சொல்ல வேண்டியது. கார்த்திக் தம்பி கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கேட்கத்தான் வேண்டும். பதில் தெரிந்தவன் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அநியாயம்.

அன்று சங்கக் கூட்டத்தில் கார்த்திக்கிடம் சொன்னது என் மூன்றாவது ‘தெரியாது’. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன சீடரைப் பற்றிப் புனித வாரத்தில் வருடா வருடம் எங்கள் மாதா கோயிலில் வாசிக்கிறார்கள். அவர் வெளியே போய் அழுதார் என்றும் வாசிக்கிறார்கள். நான் லிப்டில் ஏறி வீட்டுக்கு வந்து டி.வி. பார்த்தேன்.

போன வாரம் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், வாடகை வீட்டில். காது மந்தமாகிவிட்டது. எழுதப்போகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன்.

“எதுக்குடா இப்ப? அதெல்லாம் ஆறிப்போச்சு” என்றார்.

“எனக்கு ஆறலைங்கய்யா.”

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். காது திறந்திருக்கிறதா இல்லையா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னார். “எழுதறதுன்னா அந்தம்மாகிட்ட சொல்லிட்டு எழுது. அவங்களுக்குத் தெரியாம அவங்க கதய எழுதாத.”

அதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு கேக் அனுப்புகிறவர். பெரிய பெண்ணின் திருமணத்தில் மேடைக்கு என்னைக் கூப்பிட்டு, “இந்த அண்ணன் இல்லன்னா எங்களுக்குச் சோறு இல்ல” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னவர். நான் அந்த மேடையிலும் சும்மாதான் நின்றேன்.

இன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உட்கார வைத்து, காலைப் பற்றி விசாரித்துவிட்டு, டீ போட எழுந்தார். “டீ வேண்டாம்மா, முதல்ல கேளுங்க” என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். உறை சின்னதாக இருந்தது, அவர் மடித்த மூலை, அடித்தட்டு, பாக்கலாம்மா என்று நான் சொன்னதன் அர்த்தம், ஐயாவின் சபை, வீடியோ. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்.

“அப்ப அந்த நாலு மாசமும் அது உங்க அலமாரியிலயேதான் இருந்துச்சா?”

“ஆமாம்மா.”

“நான் உங்க ஆபீசுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் கம்பெனில அரை நாள் சம்பளம் புடிச்சாங்க. தெரியுமா?”

தெரியாது என்றேன். இந்த ஒரு முறை அது உண்மை.

அவர் எழுந்து வாசல் விளக்கைப் போட்டார். நானும் எழுந்தேன். செருப்பில் கால் நுழையாமல் தடுமாறியபோது அவர் வந்து பிடிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எழுதுங்க” என்றார். “அவர் அன்னிக்கு எங்க இருந்தாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும். எம்பேரையும் போடுங்க, முழுப் பேரா போடுங்க.”

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசி, அண்ணா என்று சொல்லாதது இன்றுதான். வீட்டுக்கு வந்து மகளிடம் தாள் வாங்கி உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

மேனாம்பேடு,
செப்டம்பர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை.